இன்றைய செய்திகள்... வாசிப்பது ஒன்பதாம் வகுப்பு!

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கே டி.வி. ஓட ஆரம்பித்துவிடும். 'சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று திரையின் அடியில் எழுத்து ஓடியதும் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். அண்ணி மட்டும் கையில் கரண்டியோடு அசையாமல் நிற்பார். அடுத்த வரியில் திருவள்ளூர் மாவட்டம் வருகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு மட்டுமே புரிகிற அவஸ்தை இது. 2018-ல் சென்னை மாவட்டத்தைப் பெரிதாக்கியபோது அம்பத்தூர் சென்னைக்குள் வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டன. மேகம் ஒன்றுதான், மழை ஒன்றுதான். கலெக்டர்தான் வேறு வேறு. பிள்ளைகளுக்கு லீவு, அம்மாவுக்கு ஸ்கூல் என்று எத்தனையோ நாள் நடந்திருக்கிறது.

அண்ணி, பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தின் அரசு உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. தினமும் ஒரு ரயில், ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. சாயங்காலம் வீடு திரும்பி, காபி குடித்துக்கொண்டே அவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பள்ளியில் நானே படித்ததுபோல் ஆகிவிட்டது. "ஒருநாள் நானும் வரட்டுமா அண்ணி?" என்று கேட்டேன். "வாயேன். ஆனா ஊர் பேரு, ஸ்கூல் பேரு எதையும் எழுதிடாதே. பசங்க பேரும் வேணாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு நேராகவே பஸ் இருக்கிறது. ஆனால், எஸ்டேட் பக்கத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் அன்றைய நேரம் போச்சு என்பதால் ஆவடி வரை ரயில் என்பது அண்ணியின் கணக்கு. ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே அவர் ஒரு வகுப்பு எடுத்து முடித்துவிட்டார்.

"இந்த ரோட்டுல எத்தனை கேட்டு இருக்குன்னு பாத்திருக்கியா?"

நான் பார்த்தது கம்பெனி கேட்டுகளைத்தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி, 1964-ல் வந்த தொழிற்பேட்டை என்று அம்பத்தூர் வளர்ந்ததே இந்தக் கேட்டுகளைச் சுற்றித்தான். எங்கள் அப்பாவும் அப்படி ஒரு கேட்டுக்குள் முப்பது வருடம் போய் வந்தவர். அண்ணி சொன்னது வேறு. "அரசு ஐ.டி.ஐ. கேட்டு ஒண்ணு. ஆவடியில பாலிடெக்னிக் கேட்டு ஒண்ணு. டாங்கி ஃபேக்டரியில அப்ரன்டிஸ் எடுக்கிற கேட்டு ஒண்ணு. பெரும்பாலும் எல்லா இடத்துலயும் மொதல்ல கேக்கறது டென்த் மார்க் ஷீட். அது இல்லேன்னா வாட்ச்மேன் உள்ளேயே விட மாட்டார்."

இதை அவர் ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி. கால் மணி நேரம்கூட இல்லை. இந்தத் தண்டவாளத்துக்கு வயது அதிகம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ஆவடிக்கு அடுத்த நிறுத்தத்தின் பெயரே 'இந்து கல்லூரி'. ஒரு ஊர் கல்லூரிக்குப் பெயர் தருவது வழக்கம். இங்கே கல்லூரி ஸ்டேஷனுக்குப் பெயர் தந்திருக்கிறது. அண்ணியின் பழைய மாணவி ஒருத்தி அங்கேதான் பி.காம். படிக்கிறாளாம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பிள்ளைகளில்தான் வந்து முடிகிறது.

ஆவடி என்றால் 'ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ்...' என்று ஏதோ ஒரு சுருக்கம் என்று வாட்ஸ்அப்பில் வரும். நம்ப வேண்டாம். இப்போது நாம் பார்க்கும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-ல். அதற்கு முன்பே, 1955 ஜனவரியில், ஆவடி என்ற பெயரிலேயே காங்கிரஸ் மகாசபை இங்கே கூடியிருக்கிறது. காமராஜர் முதல்வராகி ஓராண்டுகூட நிறையாத நேரம். தேபர் தலைமை. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டார்கள். மாநாடு நடந்த இடத்துக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஆவடியில் இன்னும் இருக்கிறது. அண்ணி சொன்ன பாலிடெக்னிக் அங்கேதான்.

பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பருத்திப்பட்டு ஏரி, காடுவெட்டியில் கூவம் பாலம், சென்னீர்க்குப்பம், கரையான்சாவடி. இந்தப் பக்கத்துக் கூவத்தைப் பார்த்தால், சிந்தாதிரிப்பேட்டையில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோமே, அதே ஆறா இது என்று கேட்கத் தோன்றும். கரையில் நாணல் இருக்கிறது, கொக்கு நிற்கிறது.

பூந்தமல்லி நெருங்கும்போது மெட்ரோ தூண்கள் தலைக்கு மேலே வந்துவிடுகின்றன. கூட்டத்துக்கு நடுவே வெள்ளைக் கோலோடு இரண்டு இளைஞர்கள் சாலையோரம் பேசிச் சிரித்தபடி போனார்கள். பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கும் ஊர் அல்லவா இது. ஒரு பொதுத்தேர்வில் பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு விடை எழுதித் தர அண்ணிக்கு டியூட்டி போட்டார்களாம். மாணவர் சொல்லச் சொல்ல இவர் எழுத வேண்டும். அதற்காக அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். "நான் அறிவியல் டீச்சர், அன்னிக்குத் தமிழ்ப் பரீட்சை. அந்தப் பையன் நடுவுல நிறுத்தி, 'மேடம், அந்த இடத்துல ஒற்று போட்டீங்களா?'ன்னு கேட்டான். நான் போடல!"

செம்மண் சாலையும் சிமென்ட் சாலையும்

பூந்தமல்லிக்கு மேற்கே ஷேர் ஆட்டோவில் போகும் வழி, நகரமும் கிராமமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் இடம். ஒரு பக்கம் நெல் வயல், பக்கத்திலேயே மனைப் பிரிவுக் கற்கள். ஏரிக்கரை, அதற்கு எதிரே ஆன்லைன் சாமான்கள் அடுக்கும் பிரமாண்டமான தகரக் கொட்டகை கோடவுன். தூரத்தில் செங்கல் சூளைப் புகை. சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒடியா பாடப்புத்தகங்களோடு சூளைப் பக்கத்திலேயே பள்ளி நடத்திய மாவட்டம் இது.

சென்னையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரை 'ஒதுக்குப்புறம்' என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பஸ் ஒரு நாளைக்கு நாலே முறைதான் வரும். கடைசி பஸ் போய்விட்டால் ஷேர் ஆட்டோ நிறையும் வரை காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்குப் பூந்தமல்லி போக வேண்டும். அரசு சைக்கிள் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். அதனால் ஒன்பதும் பத்தும் உள்ளூரிலேயே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். முன்பு இது எட்டாம் வகுப்பு வரை மட்டும் இருந்த நடுநிலைப்பள்ளி. உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்கு ஊர்ப் பங்குத்தொகை கட்ட வேண்டியிருந்ததாம். "சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினோம்மா" என்றார் பள்ளி வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. "அதுக்கு முன்னாடி எங்க செட்டுப் பொண்ணுங்க எல்லாம் எட்டாவதோட சரி."

அந்த அம்மாதான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்று பிறகு தெரிந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் இயங்கும் குழுக்களும் உண்டு. இந்த அம்மா அப்படியில்லை என்பதை அன்று சாயங்காலமே பார்த்தேன்.

வேப்பமரத்தடிச் செய்தி

ஒன்பது மணிக்குப் பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், பழமொழி. பிறகு 'இன்றைய செய்திகள்'. தமிழ்நாட்டு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் காலை வழிபாட்டுக்கான தொகுப்பு ஒன்று சுற்றும். குறள், பொது அறிவு, நீதிக்கதை, செய்திகள் என்று எல்லாம் அதில் தயாராக இருக்கும். கன்னியாகுமரியானாலும் கும்மிடிப்பூண்டியானாலும் அதே நீதிக்கதைதான் என்று அண்ணி சிரிப்பார்.

அன்று செய்தி வாசித்தது ஒன்பதாம் வகுப்புப் பெண். இரட்டைச் சடை, நிமிர்ந்த முதுகு. உலகச் செய்தி, இந்தியச் செய்தி, விளையாட்டுச் செய்தி. 'ழ'கரம் அவ்வளவு சுத்தம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வராது. முடிந்ததும் அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். பாதி வார்த்தைகளுக்கு மேலே பென்சிலால் பொடிப் பொடியாக இந்தி எழுத்து.

"பீகார்ப் பொண்ணு. மூணாவதுல வந்து சேந்தா. அப்பா கோடவுன்ல லோடு ஏத்தறார். கஷ்டமான வார்த்தை வந்தா மட்டும் அவ எழுத்துல எழுதி வெச்சுப்பா" என்றார் தமிழாசிரியர். பெருமை முகத்தில் தெரிந்தது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் தமிழ் படித்தாக வேண்டும். அடுத்த வருடம் இவளும் பொதுத்தேர்வில் தமிழ்த் தாள் எழுதுவாள். "எங்க உள்ளூர்ப் பசங்களவிட மார்க் ஜாஸ்தி எடுப்பா, பாருங்க."

செய்தி முடிந்ததும் தலைமையாசிரியர் அறிவிப்புகளைச் சொன்னார். வியாழக்கிழமை, அதனால் மதியம் சாப்பிட்ட பிறகு இரும்புச்சத்து மாத்திரை. யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தே விட்டுப்போகிறார்கள், கண்டுபிடித்தால் அடுத்த வாரம் முழுக்கச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலைத் திருவிழாவில் பறை வாசித்து வட்டார அளவில் ஜெயித்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு மறுபடியும் ஒரு கைதட்டல். (ஏற்கெனவே மூன்று முறை தட்டியாகிவிட்டதாம். அவன்தான் இன்னும் சலித்துக்கொள்ளவில்லை.) திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு. ரெக்கார்டு நோட்டு இல்லாமல் யாரும் வரக் கூடாது.

இதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் போடாது. ஆனால், அந்த ஊரில் அன்று ராத்திரி எல்லா வீடுகளிலும் பேசப்போவது இதைத்தான்.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்த கரும்பலகையில் ஒரு பெண் சாக்பீஸால் எழுதினாள். வகுப்பு, பதிவு, வருகை. பத்தாம் வகுப்புக்கு நேராக 31, 27. அண்ணி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். எமிஸ் ஆப்பில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும்.

"நாலு பேர்ல ஒருத்தனுக்கு அம்மை. ரெண்டு பேர் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வந்துடுவாங்க. நாலாவது ஆளுதான்..." என்று நிறுத்தினார். "பொங்கல் லீவுக்குப் போனவன். திரும்பி வரல."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் பேச்சில் 'லாங் ஆப்சென்ட்' என்று பெயர். ரொம்ப நாள் வராவிட்டால் கணினியில் பள்ளிப் பட்டியலிலிருந்து எடுத்து 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்பில் போட்டுவிடுவார்கள். வேறு பள்ளியில் சேர்ந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். சேராவிட்டால் பெயர் அங்கேயே கிடக்கும். "அந்தப் பட்டனை அழுத்தறதுக்குக் கை வராது எனக்கு" என்றார் அண்ணி. "கல்வி உரிமைச் சட்டம் பதினாலு வயசு வரைக்கும், எட்டாவது வரைக்கும்தான். இவனுக்குப் பதினஞ்சு. ஸ்கூலுக்கு வந்தே ஆகணும்னு சொல்ல எங்கிட்ட சட்டம் இல்ல. வாயிதான் இருக்கு."

ஏரிக்கரைத் தெரு

நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். அண்ணி, நான், பூக்கூடையோடு அந்தத் தலைவர் அம்மா. எந்தத் தெரு, எந்த வீடு, இந்நேரம் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. திண்ணையில் பையனின் அப்பா ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து எலும்பு முறிந்து இரண்டு மாதமாகிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே" என்றார் அண்ணி.

"நான் போகாதேன்னு சொல்லல டீச்சரம்மா. அவனாத்தான் போனான்" என்றார் அவர், நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே. அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பையன் போவது பார்சல் பேக்கிங்குக்கு. ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய். நான் வரும் வழியில் பார்த்த அந்தத் தகரக் கொட்டகைகளில் ஒன்றில்.

'படிப்பு முக்கியமில்லையா?' என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. கால் எப்படி இருக்கிறது, மாவுக்கட்டு எப்போது பிரிப்பார்கள், மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள் என்றுதான் பேச்சு போனது. கொசு கடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து மூன்று டம்ளர் டீ வந்தது.

இருட்டுகிற நேரத்துக்குப் பையன் சைக்கிளில் வந்தான். டீச்சரைப் பார்த்ததும் தெருமுனையிலேயே இறங்கிவிட்டான். தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளங்கை ஓரத்தில் பார்சல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை பிராக்டிகல்டா."

பதில் இல்லை.

"இருவத்தஞ்சு மார்க். பதினஞ்சு எடுத்தா போதும். எழுதற பரீட்சையில எழுபத்தஞ்சுக்கு இருபது. மொத்தம் முப்பத்தஞ்சு, முடிஞ்சுது. உனக்கு அது பெரிய விஷயமா?"

"ரெக்கார்டு எழுதல டீச்சர்."

வேலையோ பணமோ காரணமாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது எதிர்பாராதது. நோட்டு எழுதாமல் எப்படி வந்து நிற்பது என்கிற கூச்சம் ஒரு பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டும் என்று எனக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரிந்திருந்தது போலிருக்கிறது. கைப்பையைத் திறந்து ஒரு புது ரெக்கார்டு நோட்டை எடுத்தார். காலையிலிருந்து அதைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

"நாளைக்கு, சனி, ஞாயிறு. மூணு நாள் இருக்கு. படம் மட்டும் நீ போடு. மத்ததுக்கு ஞாயித்துக்கிழமை உன் கிளாஸ் பசங்க வருவாங்க."

"ஷிஃப்ட் இருக்கு டீச்சர். திங்கக்கிழமையும் இருக்கு. லீவு போட்டா வேற ஆளப் போட்ருவாங்க."

இப்போது பூக்கார அம்மா பேசினார். "யாரு, உங்க சூப்பர்வைசரா? அவன் எங்க தெரு மருமவன்தான். அவன் பொண்ணு நம்ம ஸ்கூல்லதான் ஆறாவது. நான் பேசிக்கறேன். நீ வர்றியா இல்லியா, அத மட்டும் சொல்லு."

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தெருவைப் பார்த்தார்.

"பாக்கறேன்" என்றான்.

நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது ஆட்டோ நிறைய நாற்பது நிமிடம் ஆனது. கோடவுன் பகுதி முழுக்க வெள்ளை விளக்கு. ஷிஃப்ட் மாறும் நேரம். வாசலில் வரிசையாக நின்ற பையன்களில் எத்தனை பேர் எந்த வகுப்போடு நின்றவர்கள் என்று என்னையறியாமல் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆவடியில் ரயில் ஏறும்போது எட்டு மணி. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்கு வீட்டில் இட்லி மாவு இல்லை என்பது திருமுல்லைவாயிலில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"வருவானா அண்ணி?" என்று கேட்டேன்.

"போன வருஷம் இப்படி மூணு வீட்டுக்குப் போனோம். ஒருத்தன் வந்தான். இப்ப அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கிறான். ஒரு பொண்ணு பரீட்சைக்கு வந்தா, ரெண்டு பேப்பர் போச்சு, மறுபடி எழுதிட்டு இருக்கா. இன்னொருத்தி வீட்டையே காலி பண்ணிட்டாங்க."

திங்கட்கிழமை காலை நான் வேலையில் இருந்தபோதும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. பத்தரைக்கும் இல்லை. பதினொன்றே காலுக்கு அண்ணியிடமிருந்து மெசேஜ்.

'20 நிமிஷம் லேட். ரெக்கார்டுல நாலு படம்தான் போட்டிருக்கான். உக்கார வெச்சாச்சு. இப்ப பிப்பெட்ல தண்ணி எடுத்துட்டு இருக்கான். வரும்போது அரை கிலோ வெங்காயம் வாங்கிட்டு வந்துடு.'